டாலி ஹோ: எல்லா மரமும் மாறிய படகு

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கலிபோர்னியா எல்லையை ஒட்டி, புரூக்கிங்ஸ் என்று ஒரு சின்னத் துறைமுகம் இருக்கிறது. அங்கே டாலி ஹோ என்ற ஒரு மரப்படகு தார்ப்பாய் போர்த்தியபடி வருஷக்கணக்காகக் கிடந்தது. மேல்தளம் ஒழுகி, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, மரம் உளுத்துப் போயிருந்தது. எந்த ஊரிலும் இப்படிக் கிடக்கிற படகுக்கு ஒரே முடிவுதான். இயந்திரம் வைத்து உடைத்து லாரியில் அள்ளிப் போடுவார்கள்.

2017-இல் லியோ கூல்டன் என்ற இளம் ஆங்கிலேயப் படகுத் தச்சர் இதைப் பெயரளவுக்கு ஒரு விலை கொடுத்து வாங்கினார். ஏழு வருஷம் கழித்து, 2024 ஏப்ரலில், அதே படகு வாஷிங்டன் மாநிலத்துப் போர்ட் டவுன்சென்டில் தண்ணீரில் இறங்கியது. ‘அதே படகு’ என்று எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது. அடியில் ஏரா முதல் மேலே தளம் வரை, மரத்தில் பழையது என்று சொல்ல அநேகமாக ஒன்றுமே மிஞ்சவில்லை.

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் படகின் முதுகெலும்பாக அடியில் ஓடும் நீளக் கட்டையை ஏரா என்பார்கள். அதிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்பு போல எழும்புவது வங்கு. கட்டுகிறவர் ஓடாவி. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைக்கிற வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். இந்த வார்த்தைகளோடு வளர்ந்ததால்தான் இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. கூல்டன் தன் வேலையை ஆரம்பம் முதல் வீடியோவாகப் போட்டுவந்தார். ராத்திரி ஒன்று பார்க்கலாம் என்று உட்கார்ந்து, நாலு பார்த்துவிட்டு எழுந்த நாட்கள் எனக்கு உண்டு. புதிதாகக் கட்டியிருந்தால் செலவும் காலமும் குறைந்திருக்குமே, இதை ஏன் காப்பாற்றினார்கள், எப்படி முடிந்தது என்பதுதான் இங்கே பார்க்கப் போவது.

பூர்வீகம்

படகை வரைந்தவர் ஆல்பர்ட் ஸ்ட்ரேஞ்ச். 1855-இல் பிறந்து 1917-இல் இறந்தவர். தொழில் ஓவியம், இங்கிலாந்தின் ஸ்கார்பரோ ஊரில் ஓவியப் பள்ளித் தலைமையாசிரியர். படகு வரைவது அவருக்குப் பக்கவாட்டு ஆசை. பணக்காரர்களின் பெரிய உல்லாசப் படகுகள் கடலை ஆண்ட காலத்தில், ஒருவரோ இருவரோ ஓட்டிப் போகிற சின்னப் படகுகளைத்தான் அவர் அதிகம் வரைந்தார். ஓவியர் கை என்பது கோட்டிலேயே தெரியும். அவர் வரைந்த ஷீலா 2 என்ற படகில் ஏட்ரியன் ஹேட்டர் என்பவர் 1950-இல் இங்கிலாந்தில் கிளம்பி, தனியாகவே ஓட்டி, 1956-இல் நியூசிலாந்து போய்ச் சேர்ந்தார். வரைந்தவர் இறந்து நாற்பது வருஷம் ஆகப் போகிற நேரம் அது.

அவர் வரைந்தவற்றில் டாலி ஹோ பெரிய வகை. தள நீளம் சுமார் 47 அடி. சசெக்ஸ் கடற்கரையில் ஷோரம் ஊரில், ஸ்டோ அண்ட் சன் பட்டறையில் 1910-இல் கட்டி முடித்தார்கள். ஒற்றைப் பாய்மரம். பெரிய பாயின் மேல் ஓரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சாய்வாக ஒரு கழி. அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு முன்னால், ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு கழி. அப்போது இதற்குப் பெயர் பெட்டி (Betty). இடையில் இன்னும் சில பெயர்கள் வந்து போயின. கைமாறும்போதெல்லாம் பெயர் மாறுவது படகுகளுக்குப் புதிதில்லை; நம் பக்கமும் அப்படித்தான்.

படகின் பேர் நிலைத்தது 1927 ஃபாஸ்ட்நெட் போட்டியில். அந்தக் காலத்துப் போட்டியில் இங்கிலாந்தின் தென்கரையில் கிளம்பி, அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் தனியாக நிற்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவிட்டுப் பிளிமத் திரும்ப வேண்டும். சுமார் 600 கடல் மைல். போட்டி தொடங்கி மூன்றாவது வருஷம் அது. அந்த வருஷம் காற்று தாங்க முடியாததாக இருந்தது. ஒவ்வொரு படகாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்துத் துறைமுகங்களில் ஒதுங்கியது. கிளம்பியவற்றில் ஓட்டத்தை முடித்தவை இரண்டே இரண்டு: லா கொலெட்டா என்ற இரட்டைப் பாய்மரப் படகும், ஸ்டால்பிரிட்ஜ் பிரபுவின் டாலி ஹோவும். கோட்டை முதலில் தாண்டியது லா கொலெட்டா, 42 நிமிஷம் முன்னால். ஆனால் இந்தப் போட்டிகளில் பெரிய படகு சின்னப் படகுக்கு நேரச் சலுகை கொடுத்தாக வேண்டும். அதைக் கழித்துப் பார்த்தபோது வெற்றி டாலி ஹோவுக்கு.

அந்த இரண்டு படகும் புயலுக்குள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு போனதை நினைத்தால், எதற்கு இந்த வேலை என்றுதான் எனக்குத் தோன்றும். 1979-இல் இதே போட்டியில் புயல் அடித்துப் போட்டியாளர்கள் 15 பேர் செத்தார்கள். கடல்காரர்கள் இப்படிக் காற்றில் வேண்டுமென்றே இறங்க மாட்டார்கள். வேடிக்கைக்குப் போகிறவர்கள்தான் போவார்கள். ஆனால் இந்தப் படகைப் பிழைக்க வைத்ததும் அந்த வேடிக்கைக்காரக் கூட்டம்தான் என்பதால் அவர்களை ஒரேயடியாகத் திட்டவும் முடியவில்லை.

அப்புறம் நடந்தது பெரிய குடும்பங்கள் நொடிந்துபோகிற கதை மாதிரி. படகு பசிபிக் பக்கம் வந்தது. 1968-இல் குக் தீவுகளில் மனுவாயே என்ற பவளத் தீவின் பாறையில் ஏறி உடைந்தது. அத்தோடு போயிருக்க வேண்டியது; இழுத்து, ஒட்டுப்போட்டு, மறுபடி மிதக்கவிட்டார்கள். ஒரு காலத்தில் பிரபு நின்ற தளத்தில் மீன் குவிந்தது. மீன்பிடிப் படகாகவே காலம் ஓட்டி, கடைசியில் புரூக்கிங்ஸில் கரையேறியது.

காகிதத்தைக் காத்தவர்கள்

வேலை செய்தவரைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். நான் முதலில் சொல்ல நினைப்பது அவருக்கு முன்னால் இருந்தவர்களை.

ஆல்பர்ட் ஸ்ட்ரேஞ்ச் பெயரில் இங்கிலாந்தில் ஒரு சங்கம் உண்டு. பெரிய பணக்காரச் சங்கம் இல்லை. செத்துப் போன ஓர் ஓவிய ஆசிரியர் வரைந்த படகுகள் எங்கெங்கே இருக்கின்றன, யார் கையில் இருக்கின்றன, எது மூழ்கியது, எந்த வரைபடம் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று தேடித் தேடிக் குறித்து வைக்கிற ஒரு கூட்டம். வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். ஆனால் புரூக்கிங்ஸில் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது டாலி ஹோ என்று உலகத்துக்குத் தெரிந்தது இவர்களால்தான். உடைத்துப் போடும் நிலை வந்தபோது, கையில் காசோ இடமோ இல்லாமலே, அந்தப் படகைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துவிட்டு, இதைக் கட்டக்கூடிய ஒரு பைத்தியம் வருமா என்று காத்திருந்தார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. அந்தச் சங்கம் இல்லாவிட்டால் அது பெயர் தெரியாத ஒரு பழைய மீன்பிடிப் படகு. பெயர் தெரியாத படகை உடைக்க யாரும் யோசிக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு வல்வெட்டித்துறை ஞாபகம் வரும். அந்த ஊர் ஓடாவிகள் கட்டிய அன்னபூரணி என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை, உலகம் சுற்றிய அமெரிக்கப் பாய்மரக்காரர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். தன் மனைவி பெயரை வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்ட, சூயஸ் வழியாக, அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் கிளாஸ்டர் துறைமுகத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. நம் கரையில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் நம் ஓடாவிகள் காகிதத்தில் வரைந்து கட்டுகிறவர்கள் இல்லை. அளவு கையிலும் கண்ணிலும் இருக்கும், அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். மகன் வெளிநாட்டுக்குப் போய்விட்டால் அளவும் கூடவே போய்விடும். ஸ்ட்ரேஞ்ச் வரைந்ததை நூறு வருஷம் கழித்து ஒருவர் பிரித்துப் பார்க்க முடிந்தது.

வாங்கின பிறகு தெரிந்தது

கூல்டன் இதற்கு முன் ஃபோக்போட் என்ற சின்ன வகை மரப்படகு ஒன்றைத் தானே பழுதுபார்த்து, அட்லாண்டிக்கைத் தாண்டியவர். ஆக, மரவேலையும் தெரியும், கடலும் தெரியும். ஆனால் 25 அடிப் படகுக்கும் 47 அடிப் படகுக்கும் உள்ள தூரம் நீளத்தில் மட்டும் இல்லை. இது முப்பது டன் கிட்ட எடை உள்ள சாமான்.

டாலி ஹோவைப் பெரிய லாரியில் ஏற்றி, வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊர் பெயரை ‘ஸ்குவிம்’ என்று சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் சரியாக உச்சரிக்க முடியாது. படகுக்கு மேலே மரச்சட்டம் கட்டிக் கொட்டகை போட்டார். அங்கே பாஞ்சோ என்று ஒரு பஞ்சவர்ணக் கிளி இருந்தது. தச்சருடைய தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவர் அளவெடுக்கும்போது காதைக் கடிக்கும். வேலையைப் பார்க்க வந்த பலர் கிளிக்காகவே தங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பிரிக்கப் பிரிக்கத்தான் நிலைமை தெரிந்தது. மரப்படகைக் கொல்வதில் முக்கியமான எதிரி கடல் இல்லை, மழை. உப்புத் தண்ணீர் ஊறிய மரம் சுலபத்தில் உளுக்காது. நல்ல தண்ணீர் ஒரு சொட்டு தளத்து இடுக்கு வழியாக இறங்கி, காற்றோட்டம் இல்லாத மூலையில் தங்கினால் போதும், பூஞ்சை பிடித்துவிடும். அதனால்தான் ஓடுகிற படகு நூறு வருஷம் இருக்கும், கரையில் நிறுத்தி மறந்த படகு பத்து வருஷத்தில் போய்விடும். அடுத்த எதிரி இரும்பு. ஓக் மரத்தின் துவர்ப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து இரும்பாணியைத் தின்னும். ஆணி தேயத் தேய அதைச் சுற்றியுள்ள மரம் கறுத்து மாவாகும். பலகையைப் பார்த்தால் நன்றாக இருக்கும். ஆணி ஓட்டையில் விரல் உள்ளே போகும்.

இன்னொரு சிக்கல், பழைய படகின் உருவம். நடுவில் மிதப்பு அதிகமாகவும் இரண்டு முனைகளில் குறைவாகவும் நூறு வருஷம் இருந்தால், அணியமும் பின்புறமும் தொங்கி, நடு முதுகு தூக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் வீங்கியிருக்கும், இன்னொரு பக்கம் தட்டையாக இருக்கும். ஸ்ட்ரேஞ்ச் என்ன நினைத்தார் என்பதற்கு அந்தப் படகுதான் சாட்சி. ஆனால் வயசான சாட்சி, பாதியை மாற்றிச் சொல்லும். அதை அப்படியே நகலெடுத்தால் கூனையும் சேர்த்துக் கட்டின மாதிரி ஆகும். அதனால் அளவெடுத்து, கோடுகளைத் தரையில் முழு அளவில் வரைந்து, எது வடிவம், எது வயசு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட வேலையில் மிக மெதுவாக நடப்பதும், வெளியே தெரியாததும் இதுதான்.

எல்லாம் போச்சு என்று தெரிந்த பிறகும், ஒரேயடியாகக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவில்லை. ஏராவை மாற்றும்போது மேலே பழைய உடம்பு நின்றது. வங்கு மாற்றும்போது அந்தப் புது ஏரா கீழே இருந்தது. பலகை போடும்போது புது வங்கு பிடித்துக்கொண்டது. எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் கொட்டகைக்குள் ஒரு படகு நின்றது. மரம் மாறியது, இடம் காலியாகவில்லை. பழசு என்று இந்தப் படகைச் சொல்ல எனக்குக் கிடைக்கிற ஒரே உறுதியான காரணம் இதுதான். அப்படிப் பார்த்தால், குடும்பத்தில் தாத்தா போய், அப்பா போய், வீட்டுப் பெயர் மட்டும் நிற்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

மரவேலை

ஏராவுக்குத் தேர்ந்தது தென்னமெரிக்க மரம். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘ஊதா நெஞ்சு’. அறுத்த உடனே மங்கின பழுப்பாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டுச் சில நாளில் கத்திரிக்காய் நிறம் ஏறும். கனமான, உளுக்காத, உளியின் முனையைச் சீக்கிரம் மழுக்குகிற மரம். இவ்வளவு நீளம் ஒற்றைக் கட்டையில் கிடைக்காது என்றால் இரண்டு துண்டைச் சாய்வாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று படியவைத்துப் பூட்டுவார்கள்.

அந்தப் பூட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு கட்டையும் சேரும் கோடு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், தண்ணீர் அந்தக் கோட்டின் வழியே மெல்ல ஊர்ந்து உள்ளே வரும். அதைத் தடுக்க, பலகையின் விளிம்பு பொருந்துகிற பள்ளத்தை அந்தக் கோடு கடக்கும் சரியான இடத்தில், குறுக்கே துளை போட்டு மென்மரத்தில் சீவின ஒரு குச்சியை அடித்து இறக்குவார்கள். துளையின் பாதி ஒரு கட்டையில், பாதி மறு கட்டையில் விழ வேண்டும். தண்ணீர் அங்கே வந்ததும் குச்சி உப்பி, தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். ஒரு சாண்கூட இல்லாத குச்சி. அரை அங்குலம் தள்ளிப் போட்டால் போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று. படகு கட்டி முடிந்தபின் அதைப் பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. சரியான இடத்தில் அதை இறக்கினதற்கு யாரும் கைதட்டப் போவதில்லை.

வங்குக்கு லைவ் ஓக். அமெரிக்காவின் தென்பகுதியில் வளரும், பெரிய கொம்புகள் வளைந்து வளைந்து பரவும் மரம். கூல்டன் ஜார்ஜியாவுக்கே போய் அறுத்துக் கொண்டுவந்தார். நேரான பலகையிலிருந்து வளைவு வெட்டினால் நரம்பு குறுக்கே அறுந்து, அந்த இடத்தில் உடையும். வளைந்தே வளர்ந்த கொம்பில் நரம்பும் வளைவோடு போகும். நம் பக்கத்து ஓடாவிகள் வங்குக்கு வளைந்த கருவேலங்கட்டையைத் தேடி அலைவதும் இதே காரணத்துக்குத்தான். மரம் நிற்கும்போதே, ‘இது எத்தனையாவது வங்கு’ என்று பார்த்துவிடுவார்கள். அணில் ஏறுகிற கொம்பு அவர்கள் கண்ணில் படகாகத் தெரியும்.

வங்கை ஏராவோடு பிணைக்கும் குறுக்குத் துண்டுகளை வெண்கலத்தில் வார்த்தார்கள். மர அச்சு செய்து, மண்ணில் பதித்து, உலோகம் ஊற்றி, ஒவ்வொன்றாக. இது அசலில் இல்லாத தாராளம். 1910-இல் கட்டினவர் கணக்குப் பார்த்தார்; இவர் இன்னொரு நூறு வருஷத்தைப் பார்த்தார். இயந்திர அறையிலும் அப்படித்தான். மின்சார மோட்டார் வைத்தார். ஸ்ட்ரேஞ்ச் ரசிகர்களில் கடுமையானவர்கள் முகம் சுளித்திருக்கலாம். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. மீன்பிடிப் படகாக இருந்தபோது அந்த உடம்புக்குள் எதையெதையோ திணித்திருப்பார்கள், அப்போது யார் கேட்டார்கள்?

கலப்பத்து வேலை வந்த வீடியோவை ஒரு தடவை இங்கே ஓர் ஓடாவி அண்ணாச்சியிடம் போட்டுக் காட்டினேன். வேலையை விட்டு வருஷம் ஆகிறது. பழைய துறைமுகத்துப் பக்கம் சாயங்காலம் வந்து உட்காருவார். போனை வாங்கினவர் கண்ணுக்கு நேராகப் பிடிக்கவில்லை, காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, அகலமான உளியால் கொட்டாப்புளி கொண்டு இறக்கும்போது முதலில் சத்தம் மந்தமாக இருக்கும். பஞ்சு இறுக இறுக அது கணீரென்று மாறும். அந்தச் சத்தம் மாறினால் அடுத்த இடத்துக்குப் போகலாம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பையன் அவசரப்படலை தம்பி. சத்தம் ஏறுற வரைக்கும் நிக்கான்.”

யார் கைகள்

காசு எப்படி வந்தது என்பது இந்த நிகழ்வில் புதிய பகுதி. பழைய படகுகளை மீட்பது எப்போதுமே பணக்காரரின் வேலையாக இருந்தது. ஒரு சீமான் தேடிக் கண்டுபிடிப்பார், நல்ல பட்டறையில் கொடுப்பார், முடிந்ததும் கொடி கட்டுவார். இங்கே பட்டறைக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தவர்கள் சிறுசிறு தொகையாக மாதாமாதம் அனுப்பினார்கள். எங்கோ சமையலறையில் இருந்து பார்க்கும் ஒருவர், தான் ஒருநாளும் ஏறப் போகாத படகில் ஓர் ஆணிக்குப் பணம் கொடுத்தார். பதிலுக்குக் கிடைத்தது அடுத்த வீடியோ. படமெடுக்கவும் வெட்டி ஒட்டவும் ஆகிற நேரத்தையும் கணக்கில் சேர்த்தால், அது ஒரு முழு வேலை. படகு கட்டுகிறவரே கூத்தும் நடத்த வேண்டியதாகிவிட்டது. எனக்கு அது பிடித்த முறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சீமானுக்குக் காத்திருந்தால் டாலி ஹோ புரூக்கிங்ஸிலேயே மக்கியிருக்கும்.

ஆட்களும் அப்படித்தான் வந்தார்கள். பல நாடுகளிலிருந்து தொண்டர்கள், சிலர் உளி பிடிக்கத் தெரியாமலே. சிலர் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில். அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டு, தங்கிய இடத்தில் சமைத்துச் சாப்பிட்டு, போகும்போது ஒரு தொழிலின் ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கைதேர்ந்த தச்சர்களும் சேர்ந்தார்கள். பின்னால் வேலையின் பெரும்பாரத்தைத் தாங்கினது அவர்கள்தான்.

படகு பிற்பாடு போர்ட் டவுன்சென்டுக்கு மாறியது தற்செயல் இல்லை. 1950-களுக்கு அப்புறம் கண்ணாடியிழைப் படகு வந்து, மரப்படகுப் பட்டறைகள் உலகமெங்கும் ஒவ்வொன்றாக மூடின. அச்சில் வார்த்து எடுக்கிற படகோடு உளி எப்படிப் போட்டி போடும்? அந்தச் சமயத்தில் இந்த ஊரில் பிடிவாதக்காரர்கள் சிலர் மரத்தை விடவில்லை. 1977 முதல் ஒவ்வொரு செப்டம்பரும் அங்கே மரப்படகுத் திருவிழா நடக்கிறது. பக்கத்திலேயே மரப்படகு கட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி 1981-இல் தொடங்கியது. வார்ப்படம் செய்பவர், பாய் தைப்பவர், கயிறு முறுக்குபவர் என்று எல்லாருமே நடந்துபோகிற தூரத்தில். நம் ஊரில் கோயில் தேர் செய்ய ஆள் வேண்டுமென்றால் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று தெரிகிற மாதிரி, அமெரிக்காவின் அந்த மூலையில் மரப்படகு என்றால் அந்த ஊர்.

அசல் எது

இனி வம்பான கேள்வி. மரம் எல்லாம் மாறிவிட்டதே, இதை 1910 படகு என்று சொல்வது நியாயமா?

சுவீடனின் வாசா கப்பலை எடுத்துக்கொள்வோம். 1628-இல் முதல் பயணத்திலேயே கவிழ்ந்தது. 1961-இல் தூக்கினார்கள். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் என்று 17 வருஷம் மெழுகு போன்ற ஒரு ரசாயனத்தை அதன்மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். இன்று பெரும்பகுதி அசல் மரம். ஆனால் அருங்காட்சியகத்தை விட்டு ஓர் அடி நகராது. அமெரிக்காவின் சார்ல்ஸ் டபிள்யூ. மார்கன் என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் நடுவில் நிற்கிறது. 1841-இல் கட்டியது, 37 பயணம் போனது. புயலில் சாய்ந்த லைவ் ஓக் மரங்களையெல்லாம் சேர்த்து நிறையப் பாகங்களை மாற்றி, 2014-இல் 38-ஆவது பயணம் அனுப்பினார்கள். வாசாவிடம் மரம் இருக்கிறது, ஓட்டம் இல்லை. டாலி ஹோவிடம் ஓட்டம் இருக்கிறது, மரம் இல்லை.

அருங்காட்சியகக்காரர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. பழைய உளித்தடம், பழைய ஆணி வரிசை, 1910-இல் ஒருவர் செய்த தப்பு, அதை மறைக்க அவர் போட்ட ஒட்டு, எல்லாமே தகவல். அதைக் கழற்றிப் போட்டால் திரும்பி வராது. புதுப் படகில் இருப்பது கூல்டன் குழுவின் உளித்தடம். ஸ்டோ பட்டறைக்காரர் எப்படி வேலை செய்தார் என்று இனி யாரும் இந்தப் படகைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இது நிஜமான நஷ்டம், ரசிகர்கள் இதைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆனால் வேறு வழி என்ன இருந்தது? உளுத்த மரத்தை அப்படியே கொட்டகையில் வைத்துக் காக்க யாரும் முன்வரவில்லை. எதிரில் நின்றது அருங்காட்சியகம் இல்லை, குப்பை லாரி. அதோடு மரப்படகு என்பதே மாற்றி மாற்றி வாழ்கிற பொருள். பத்து வருஷம் ஓடின தோணியில் எந்தப் பலகை முதல் பலகை என்று கேட்டால் முதலாளி சிரிப்பார். தோணி வேறாகிவிட்டது என்று யாரும் பெயரை மாற்றுவதில்லை.

புதிதாகவே கட்டியிருக்கலாமே என்ற கேள்விக்கும் இதற்குள்ளேயே பதில் இருக்கிறது. புதுப் படகுக்கு அந்தச் சங்கம் வந்திருக்காது, தொண்டர்கள் விமானம் ஏறியிருக்க மாட்டார்கள், முகம் தெரியாதவர் ஆணிக்குப் பணம் அனுப்பியிருக்க மாட்டார். பழைய மரம் மூன்று நாலு வருஷத்தில் தீர்ந்துபோனது. அது இழுத்துக்கொண்டு வந்த ஆட்கள் கடைசிவரை நின்றார்கள்.

2024 ஏப்ரலில் படகை இறக்கின நாளில் கரை முழுக்கக் கூட்டம். இவர்களில் பாதிப் பேர் திரையில் மட்டுமே அதைப் பார்த்தவர்களாக இருக்கும். மரப்படகு இறங்கின கொஞ்ச நாள் ஒழுகுவது வழக்கம். பலகை தண்ணீர் குடித்து உப்பி, இடுக்கு தானாக மூடும். அதுவரை பம்பு ஓடும். வெளியாட்கள் பயப்படுவார்கள், ஓடாவி டீ குடிப்பார். இதற்கு மேல் ஃபாஸ்ட்நெட் பாறையை மறுபடி சுற்றிவர வேண்டும் என்பது கூல்டனின் ஆசை. சுற்றட்டும்.

என்னை உறுத்துவது வேறு. தூத்துக்குடியில் தோணித் தொழில் வருஷத்துக்கு வருஷம் சுருங்குகிறது. இரும்புக் கப்பல் வந்தாயிற்று, பெட்டகச் சரக்கு வந்தாயிற்று. மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றின தோணிகளைக் கட்டியவர்கள் ஒவ்வொருவராக உளியைத் தாழ்வாரத்தில் செருகுகிறார்கள். அங்கே தொழில் செத்த பிறகு ரசிகர்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். இங்கே தொழில் இன்னும் மூச்சுவிடுகிறது, ரசிகர் ஒருவரும் இல்லை. தோணியை அழகு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது லாரி மாதிரி, வேலைக்கு.

அண்ணாச்சி வீடியோவை முடித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, “நல்ல வேலை. கூலி என்ன வரும்?” என்று கேட்டார். தச்சர்களுக்குச் சம்பளம் உண்டு, ஆனால் பாதிப் பேர் ஆசைக்கு வந்தவர்கள், காசு வாங்கவில்லை என்றேன். நம்பாமல் என்னைப் பார்த்தார்.

“சும்மாவா?”

“ஆமா அண்ணாச்சி.”

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையை நீட்டினார். “அந்தப் பஞ்சு அடிக்கிற இடத்தை இன்னொருக்கா போடு.”